யாரு சொன்னது, அத முதல்ல சொல்லு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தியிருக்கிறோம்.)



சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரிக்கு ஈசிஆர்ல பைக்ல போயிருக்கீங்களா? அப்போ எங்க ஊர நீங்க பாத்திருக்கீங்க. பேரு வேணா ஞாபகம் இல்லாம இருக்கலாம். ரோட்டோரம் கண்ணாடி மாதிரி தண்ணி நிக்கிற பாத்தி, வரப்பு மேல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். வண்டிய ஓரங்கட்டி ஒரு போட்டோ எடுத்துட்டு, "இன்னா வெயிலுடா"ன்னு சொல்லிட்டுக் கெளம்பியிருப்பீங்க. அதான் மரக்காணம். எங்க அப்பா அந்த உப்பளத்துலதான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வேலை பாக்கறாரு. நான் ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனியில ஏசி ரூம்ல உக்காந்து கோடு எழுதறேன்.

இன்னிக்கு எபிசோட் தேர்தல் பத்தி. பயப்படாதீங்க, யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொல்லப்போறதில்ல. என் கேள்வி வேற. நமக்குப் பிடிச்ச வேட்பாளர எதிர்த்து ஒருத்தர் நிக்கிறாரு. டிவில அவர் முகம் வந்ததுமே நம்ம கை ரிமோட்டத் தேடுது. அவர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே "பொய்"ன்னு முடிவு பண்ணிடறோம். அவருக்கு ஓட்டுப் போடறவன் ஒண்ணு காசு வாங்கினவன், இல்ல விவரம் இல்லாதவன். இது எங்கேர்ந்து வருது? அவர் கொள்கையப் படிச்சுப் பாத்துட்டா வருது? நிச்சயமா இல்ல. அப்போ எதுலேர்ந்து?

இந்தக் கேள்விக்கு நான் பதில் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒரு நண்பன். அவன் கதைக்கு அப்புறம் வரேன். முதல்ல ஒரு டீக்கடை.

ஏழு பேர், நாலு வாக்குறுதி

2024 மே மாசம். நாடாளுமன்றத் தேர்தல்ல நம்ம தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்பதிவு முடிஞ்சிடுச்சு. ரிசல்ட்டுக்கு ஜூன் 4 வரைக்கும் காத்திருக்கணும். ஒன்றரை மாசம் டீக்கடையில பேச வேற விஷயமே கிடையாது. உப்பளத்துல அப்போ நல்ல சீசன். வெயில் ஏறறதுக்குள்ள வேலைய முடிக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே போவாங்க, எட்டு மணி வாக்குல டீக்கு வருவாங்க.

நம்ம ஆபீஸ்ல ஏ/பி டெஸ்ட் பண்ணுவோம் இல்லையா, பட்டன் பச்சையா இருந்தா எத்தன பேரு அமுக்கறாங்க, நீலமா இருந்தா எத்தன பேருன்னு? அந்த மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு ஒரு சனிக்கிழமை காலையில போய் உக்காந்தேன். போன்ல நாலு தேர்தல் வாக்குறுதி எழுதி வெச்சிருந்தேன். கட்சிப் பேரு இல்லாம. படிச்சுக் காட்டுவேன், இது நல்லதா கெட்டதான்னு சொல்லணும். அவ்ளோதான்.

கடையில ஏழு பேரு. எங்க அப்பாவும் ஒருத்தர். முதல் வாக்குறுதி படிச்சேன்: "குடும்பத் தலைவிகளுக்கு மாசா மாசம் உதவித்தொகை."

யாரும் பேசல. டீ உறிஞ்சற சத்தம் மட்டும். அப்புறம் ஒரு பெரியவர் டம்ளரக் கீழ வெச்சுட்டு சொன்னாரு: "யாரு சொன்னது, அத முதல்ல சொல்லு தம்பி. அப்புறம் நல்லதா கெட்டதான்னு நான் சொல்றேன்."

கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா கவனிங்க, மத்த ஆறு பேரும் அதுக்குத்தான் காத்துட்டு இருந்தாங்க. கட்சி தெரியாம ஒருத்தர் வாயிலேர்ந்தும் பதில் வரல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த வாக்குறுதிய ரெண்டு பெரிய கட்சியும் சொல்லியிருந்தாங்க. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாடி, மார்ச் மாசம், ஏறக்குறைய ஒரே நேரத்துல. திமுக ஆயிரம் ரூபாய்னு சொன்னாங்க, அதிமுக ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னாங்க. அதனால நான் ஒரு குறும்பு பண்ணேன். எங்க அப்பாவுக்குப் பிடிக்காத கட்சிப் பேரச் சொன்னேன். "ஓட்டுக்குக் குடுக்கற லஞ்சம்டா அது"ன்னாரு. அப்புறம், "இல்லப்பா, உங்காளுங்களும் இதத்தான் சொன்னாங்க"ன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "அது வேற. வீட்டுல பொம்பளைங்க பாக்கற வேலைக்கு ஒரு மரியாதை."

எங்க அப்பா எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சொன்னா வீட்டுல சோறு கிடைக்காது. கட்சிய மாத்திப் போட்டாலும் இந்தக் கதை அப்படியே ஓடும். அதுதான் விஷயமே.

எங்க அப்பா பொய் சொல்லல. அவருக்கு உண்மையிலேயே அது ரெண்டும் வேற வேறயாத்தான் தெரியுது. 2014-ல ஆடம் வேட்ஸ், லியான் யங், ஜெரமி கிங்கஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்காவுல ரெண்டு கட்சிக்காரங்க கிட்டயும், இஸ்ரேலியர்கள் பாலஸ்தீனியர்கள் கிட்டயும் கேட்டாங்க: உங்க ஆளுங்க மோதல்ல இறங்கறாங்களே, அதுக்குக் காரணம் என்ன? எதிர்ப்பக்கம் இறங்கறதுக்குக் காரணம் என்ன? பதில் எல்லா இடத்துலயும் ஒரே ஜாடை. எங்க ஆளுங்க செய்யறது எங்க மக்கள் மேல இருக்கற பாசத்துல. அவங்க செய்யறது எங்க மேல இருக்கற வெறுப்புல. செயல் ஒண்ணுதான். உள்நோக்கத்த மட்டும் நாம மாத்தி எழுதிக்கறோம்.

எதிர் வேட்பாளர் மேல வர்ற கோவத்துல பெரிய பங்கு இதுதான்னு நான் நினைக்கறேன். அவர் என்ன செஞ்சாருங்கறத விட, எதுக்காகச் செஞ்சாருன்னு நாம முடிவு பண்ணி வெச்சிருக்கறதுதான் நம்மளக் கொதிக்க வைக்குது.

பிரிஸ்டல் பள்ளிக்கூடத்துப் பசங்க

சரி, "நம்ம ஆளு", "அவங்க ஆளு"ங்கற கோடு எவ்ளோ சுலபமா விழுது?

ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒரு உளவியலாளர். போலந்துல பொறந்த யூதர். ரெண்டாம் உலகப் போர்ல பிரெஞ்சுப் படையில இருந்து ஜெர்மானியர்கள் கிட்ட போர்க்கைதியா மாட்டினவர். போர் முடிஞ்சு திரும்பி வந்தப்போ அவர் குடும்பத்துல ஏறக்குறைய யாரும் உயிரோட இல்ல. மனுஷன் மனுஷன எப்படி இந்த அளவுக்கு வெறுக்க முடியுதுங்கறது அவருக்குப் படிப்பு சம்பந்தமான கேள்வி மட்டும் இல்ல.

அவர் 1970 வாக்குல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ப் பள்ளிப் பசங்களக் கூப்பிட்டு ஒரு சோதனை பண்ணாரு. பதினாலு, பதினஞ்சு வயசுப் பசங்க. சில ஓவியங்களக் காட்டி எது பிடிச்சிருக்குன்னு கேட்டாங்க. அப்புறம் "நீ பால் க்ளே குழு, நீ கண்டின்ஸ்கி குழு"ன்னு பிரிச்சாங்க. உண்மையில அந்தப் பிரிவு சும்மா சீட்டுக் குலுக்கினது. யாரு எந்தக் குழுன்னு பசங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. பேசிக்கவும் இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தனுக்கும் தனியா ஒரு வேலை: முகம் தெரியாத ரெண்டு பேருக்குக் காசு பிரிச்சுக் குடு. தனக்கு எடுத்துக்க முடியாது.

பசங்க தங்க குழுப் பையனுக்கு அதிகம் குடுத்தாங்க. இது கூட எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனா சில கட்டங்கள்ல, தன் குழுவுக்கு மொத்தமா அதிகக் காசு வர்ற வழிய விட்டுட்டு, அந்தக் குழுவ விட நம்ம குழுவுக்கு வித்தியாசம் அதிகமா வர்ற வழியத் தேர்ந்தெடுத்தாங்க. அதாவது, நமக்குப் பத்து ரூபாய் குறைஞ்சாலும் பரவாயில்ல, அவனுக்கு இருபது குறையணும்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர்த் தேர்தல் ராத்திரிகள்தான் ஞாபகம் வந்துச்சு. நம்ம ஆளு ஜெயிச்சதுக்கு வெடிக்கற வெடிய விட, அவங்க ஆளு தோத்ததுக்கு வெடிக்கற வெடி சத்தமா இருக்கும்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். பிரிஸ்டல்ல கோடு சீட்டுக் குலுக்கி விழுந்துச்சு. எங்க ஊர்ல கோடு அப்படி விழல. அது நிலம், கிணறு, சுடுகாடு, கோயில் தெருன்னு தலைமுறை தலைமுறையா போட்ட கோடு. ஒண்ணுமே இல்லாத கோட்டுக்கே மனுஷ மனசு இப்படி ஆடுதுன்னா, இத்தன வருஷம் ஆழமா உழுத கோட்டுக்கு எப்படி ஆடும்னு யோசிங்க.

ஒரே ஆளு, ரெண்டு சின்னம்

எங்க ஊர் சட்டமன்றத்துக்குத் திண்டிவனம் தொகுதி, நாடாளுமன்றத்துக்கு விழுப்புரம் தொகுதி. ரெண்டுமே தனித்தொகுதி. அப்படின்னா, எந்தக் கட்சி நிறுத்தினாலும் வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராத்தான் இருப்பாரு.

இத ஒரு இயற்கையான சோதனை மாதிரி பாக்கலாம். "இங்க எல்லாம் சாதி பாத்துத்தான் ஓட்டு"ன்னு சென்னையில உக்காந்து சுலபமா சொல்லிடுவோம். ஆனா இங்க எதிரும் புதிருமா நிக்கிற எல்லாருமே பட்டியல் சாதி. 2019-லயும் 2024-லயும் விழுப்புரத்துல விடுதலைச் சிறுத்தைகள் கட்சியோட து. ரவிக்குமார் நின்னாரு, ரெண்டு தடவையும் ஜெயிச்சாரு. எதிர்த்து பாட்டாளி மக்கள் கட்சியும் ரெண்டு தடவை வேட்பாளர் நிறுத்துச்சு. வேட்பாளரோட சாதி மட்டும்தான் பிரச்சனைன்னா, யாரு மேலயும் தனியாக் கோவம் வரக்கூடாது. ஆனா வந்துச்சு. ஒருத்தர் "நம்ம வேட்பாளர்", இன்னொருத்தர் "அவங்க வேட்பாளர்".

அப்போ நாம பாக்கறது ஆள இல்ல. அவருக்குப் பின்னாடி நிக்கிற கூட்டத்த. அவர் ஜெயிச்சா எந்தத் தெருவுல மேளம் அடிப்பாங்கங்கறத.

இன்னொண்ணு. 2019-ல ரவிக்குமார் நின்னது உதயசூரியன் சின்னத்துல. 2024-ல பானைச் சின்னத்துல. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் 2019-ல அவருக்குப் போட்டாரு. 2024-ல "பானைக்கு எல்லாம் குத்த மாட்டேன்"னாரு. "தாத்தா, போன தடவை நீங்க குத்தினது இதே ஆளுக்குத்தான்"னு சொன்னேன். "நான் சூரியனுக்குக் குத்தினேன்"னாரு. தப்புன்னு எப்படிச் சொல்லுவேன்? அவரப் பொறுத்தவரைக்கும் உண்மைதான்.

கூட்டணி விஷயம் இன்னும் வேடிக்கை. 2011 சட்டமன்றத் தேர்தல்ல பாமகவும் விசிகவும் ஒரே அணி, திமுக கூட்டணி. ஒரே மேடை, ஒரே போஸ்டர்ல ரெண்டு தலைவர்கள் படம். எங்க அப்பா அன்னிக்கு எந்தக் கட்சிக் கொடி கட்டின ஆட்டோவுல வேணாலும் ஏறி உக்காருவாரு. ரெண்டே வருஷம். அதே ரெண்டு கொடியும் ஒரே தெருவுல பறக்க முடியாத நெலமை வந்துச்சு. ரெண்டு வருஷத்துல ரெண்டு கட்சியோட கொள்கையும் தலைகீழா மாறிடுச்சா என்ன?

2013-க்கு இப்போ வரேன்.

ஏப்ரல் 25

எனக்குப் பதினஞ்சு வயசு. பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவு. நான் ஊருக்குள்ள இருக்கற தெரு. என் நண்பன் காலனி. தமிழ்நாட்டுல வளந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். ரெண்டு பேரு அப்பாவும் ஒரே உப்பளம். லீவு நாள்ல நாங்க ரெண்டு பேரும் வரப்புல உக்காந்து ஒரே தூக்குலேர்ந்து கஞ்சி குடிச்சிருக்கோம். அவங்க அப்பாவ நான் "அங்கிள்"னு கூப்பிடுவேன். யோசிச்சுப் பாத்தா அதுவே ஒரு தந்திரம். மாமா, சித்தப்பான்னு கூப்பிட்டா முறை வந்துடும். இங்கிலீஷ்ல கூப்பிட்டா எந்த முறையும் வராது பாருங்க.

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்துல சித்திரை முழுநிலவு விழா. வன்னியர் சங்கமும் பாமகவும் நடத்தறது. எங்க ஊர் வழியாத்தான் ஈசிஆர்ல வண்டி வண்டியாக் கூட்டம் போச்சு. மரக்காணத்துல மோதல் ஆச்சு. காலனிப் பக்கம் வீடுகள் எரிஞ்சுது. பஸ் எரிஞ்சுது. விழாவுக்குப் போனவங்கள்ல ரெண்டு பேரு செத்துப் போனாங்க. தமிழ்நாடு முழுக்கப் பெரிய செய்தி.

யாரு ஆரம்பிச்சாங்க? எங்க தெருவுல ஒரு கதை. அவன் தெருவுல ஒரு கதை. ரெண்டு கதையிலயும் நேரம், இடம், கல்லு, கட்டை எல்லாம் துல்லியமா இருந்துச்சு. எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து பேசினவங்கள்ல பாதிப் பேரு அன்னிக்கு ஊர்லயே இல்ல. ஆனா நேர்ல பாத்த மாதிரி சொன்னாங்க. நானும் கேட்டேன், நம்பினேன், பக்கத்துத் தெருப் பசங்க கிட்ட நேர்ல பாத்த மாதிரி சொன்னேன்.

இதுக்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1951-ல அமெரிக்காவுல டார்ட்மவுத், பிரின்ஸ்டன்னு ரெண்டு காலேஜுக்கு நடுவுல ஒரு ஃபுட்பால் மேட்ச். ரொம்ப முரட்டு ஆட்டம். ஒருத்தனுக்கு மூக்கு உடைஞ்சுது, ஒருத்தனுக்குக் கால் உடைஞ்சுது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில்னு ரெண்டு பேரு அந்த மேட்ச் ஃபிலிம ரெண்டு காலேஜ் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, ஃபவுல் எத்தனன்னு எண்ணச் சொன்னாங்க. ஒரே ஃபிலிம். டார்ட்மவுத் அணி செஞ்ச ஃபவுலா டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணினத விட, பிரின்ஸ்டன் மாணவர்கள் ரெண்டு மடங்குக்கு மேல எண்ணினாங்க. 1954-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. அவங்க முடிவு: ஒரே ஆட்டத்தப் பாத்துட்டு ரெண்டு பேரு வேற வேற கருத்து சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க பாத்த ஆட்டமே வேற வேற.

எங்க ஊர்ல ஃபிலிமும் இல்ல. கதை மட்டும்தான்.

ப்ளஸ் ஒன்ல அவனும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸ். வேற வேற பெஞ்ச். சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. நான் இன்ஜினியரிங் சேந்தேன், அவன் பாலிடெக்னிக். பதினொரு வருஷம்.

ஓட்டுச்சாவடி வரிசை

2024 ஏப்ரல் 19. ஓட்டுப் போட ஊருக்கு வந்தேன். ஸ்கூல்ல பல பூத், பல வரிசை. பக்கத்து வரிசையில அவன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம். அவன்தான் முதல்ல சிரிச்சான். ஓட்டுப் போட்டுட்டு, மை வெச்ச விரலோட வெளிய மரத்தடியில நின்னு பேசினோம். சம்பளம், வாடகை, கல்யாணம், எல்லாம். எனக்குத் தொண்டையில ஒண்ணு இருந்துச்சு, கேட்டுட்டேன். "2013-ல நான் உன்கிட்ட பேசியிருக்கணும் இல்ல?"

அவன் சொன்னத அப்படியே சொல்றேன். "பேசறது கெடக்கட்டும்டா. எங்க சித்தி வீடு எரிஞ்சுது. நீ வந்து ஒரு தடவ பாத்திருக்கலாம். பாத்துட்டு நீ எந்தப் பக்கம் வேணாலும் பேசியிருக்கலாம். நீ வந்து பாக்கவே இல்ல."

எங்க வீட்டுலேர்ந்து அவங்க சித்தி வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை.

நான் ஏன் போகல? அன்னிக்குக் கேட்டிருந்தா "பயம்"னு சொல்லியிருப்பேன். கொஞ்சம் பயம் உண்மைதான். ஆனா இப்போ எனக்குத் தெரியுது. நான் போய்ப் பாத்திருந்தா, திரும்பி வந்து எங்க தெருவுல அந்தக் கதைய அதே மாதிரி சொல்ல முடிஞ்சிருக்காது. சொல்லலன்னா நான் எங்க தெருப் பையன் இல்ல. பாக்காம இருந்ததுதான் எனக்கு வசதி.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். எதிர் வேட்பாளர் மேல நமக்கு வர்ற வெறுப்பு, பெரும்பாலும் அவரப் பத்தினது இல்ல. நம்ம ஆளுங்க கிட்ட நாம காட்டற விசுவாசச் சீட்டு. அவர் பேச்ச ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டு, "இதுல ஒரு பாயின்ட் சரி"ன்னு சொன்னா, நம்ம வாட்ஸ்ஆப் குரூப்ல என்ன ஆகும்? அந்த பயம்தான் ரிமோட்டத் தேட வைக்குது.

ஷாந்தோ ஐயங்கார்னு ஒரு அரசியல் ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் 2012-ல வெளியிட்ட கட்டுரையில ஒரு கணக்கு இருக்கு. 1960-ல அமெரிக்காவுல "உங்க பிள்ளை எதிர்க்கட்சி ஆதரவாளரைக் கல்யாணம் பண்ணா வருத்தப்படுவீங்களா"ன்னு கேட்டப்போ, ரெண்டு கட்சியிலயும் ஆமான்னு சொன்னவங்க 5 சதவீதம் வாக்குல. 2010-ல குடியரசுக் கட்சியில ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சியில மூணுல ஒரு பங்கு. அதே காலத்துல கொள்கை விஷயத்துல மக்களுக்கு நடுவுல இடைவெளி அந்த அளவுக்கு விரியலங்கறதுதான் அவங்க வாதம். கருத்த விட வெறுப்பு வேகமா வளந்திருக்கு. கல்யாணத்துக்குக் கோடு போடறது நமக்குப் புதுசில்ல. அவங்களுக்குக் கட்சியே ஒரு சாதி மாதிரி ஆகிட்டு வருது.

ஒண்ணு தெளிவாச் சொல்லணும். "ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எல்லாம் மனசோட விளையாட்டு"ன்னு நான் சொல்லல. வீடு எரிஞ்சவங்களுக்கு அரசியல் பிரிஸ்டல் விளையாட்டு இல்ல. பிள்ளையப் பறிகொடுத்தவங்களுக்கும் இல்ல. சில கோவத்துக்கு நியாயம் இருக்கு, அத விட்டுடணும்னு யாரும் சொல்ல முடியாது. நான் கேக்கறது என்ன மாதிரி ஆளுங்களப் பத்தி. வீடும் எரியல, யாரும் சாகல, ஆனா கோவம் மட்டும் வாங்கி வெச்சிருக்கோமே, அதப் பத்தி.

25 டிகிரி

சரி, என்ன பண்ணலாம்? திரும்ப டீக்கடைக்கு வாங்க.

என் ஏ/பி டெஸ்ட் ஊத்திக்கிச்சு. அடுத்த வாரம் திரும்பப் போனேன். இந்தத் தடவ அவனையும் கூட்டிட்டுப் போனேன். அவங்க அப்பாவும் அங்கதான் இருந்தாரு. எங்க அப்பா ஆரம்பிச்சாரு: "எங்காளு ஜெயிச்சா உப்பளத்துக்காரனுக்கு மழைக்கால உதவி ஏறும். அவங்காளு வந்தா இருக்கறதும் போவும்." மழை மாசங்கள்ல உப்பு எடுக்க முடியாது, வேலை கிடையாது. அதுக்காகத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம்னு மாநில அரசு திட்டம் கொண்டு வந்துச்சு. அத வெச்சுத்தான் பேச்சு.

வழக்கமா நான் "ஏம்பா அப்படிச் சொல்றீங்க"ன்னு கேட்டு சண்டைய ஆரம்பிப்பேன். அன்னிக்கு வேற கேள்வி கேட்டேன்.

"அப்பா, உப்பு எப்படி ஆவுதுன்னு முதல்ல சொல்லுங்க."

சொன்னாரு. தண்ணிய முதல் பாத்தியில ஏத்தறது, வெயில்ல காயக் காய அடுத்த பாத்திக்கு மாத்தறது, மீட்டர் விட்டுப் பாத்து 25 டிகிரி வந்தா உப்பு இறங்கும், இன்னும் நாலஞ்சு டிகிரி தாண்டிட்டா மிச்சத் தண்ணிய வெளிய விட்டுடணும், இல்லன்னா உப்பு கசக்கும், நடுவுல ஒரு மழை பெஞ்சா பழையபடி முதல்லேர்ந்து. ஒரு இடத்துலயும் தடுக்கல.

"சரி, இப்போ உங்காளு ஜெயிச்சா உதவி எப்படி ஏறும்? அதே மாதிரி படிப்படியாச் சொல்லுங்க."

"ஜெயிச்சு தில்லி போவாரு. போய்ப் பேசுவாரு..." நிறுத்திட்டாரு. "அது... ஸ்டேட்டு குடுக்கறது இல்ல? எம்பி கையில எங்க இருக்குது?"

அங்கிள் எடுத்துக் குடுத்தாரு. "அத வுடுய்யா. தொழிலாளின்னு யாரு, எப்படி லிஸ்ட் எடுக்கறது? நீயும் நானும் பேர் எழுதுவோம். ரெண்டு மாசம் வந்து உப்பு சொமக்கற பொம்பளைங்க என்னாத்தக் காட்டி எழுதுவாங்க?" எங்க அப்பா தலையாட்டினாரு. அடுத்த அரை மணி நேரம் ரெண்டு பேரும் லிஸ்ட் பத்திப் பேசினாங்க. எந்தக் கட்சிப் பேரும் வரல.

இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 2013-ல பிலிப் ஃபெர்ன்பாக் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு கொள்கைய ஏன் ஆதரிக்கறீங்கன்னு காரணம் கேட்டா, மக்கள் பிடிச்ச பிடியில நின்னாங்க. அது எப்படி வேலை செய்யும்னு படிப்படியா விளக்கச் சொன்னா, "நமக்குத் தெரிஞ்சது இவ்ளோதானா"ன்னு உணர்ந்தாங்க, நிலைப்பாடும் கொஞ்சம் இளகிச்சு. நேர்மையா முழுசும் சொல்லிடறேன்: 2021-ல வேற ரெண்டு பேரு இதத் திரும்பச் செஞ்சு பாத்தாங்க. தெரியும்ங்கற நினைப்பு குறைஞ்சுது, ஆனா நிலைப்பாடு இளகல. எங்க அப்பாவும் அப்படித்தான். அவர் ஓட்டு மாறல, மாறவும் மாறாது. ஆனா அந்த அரை மணி நேரம், எதிர்ல உக்காந்திருந்தவரு அவருக்கு "அவங்காளு" இல்ல. உப்பு சொமக்கறவங்க கஷ்டம் தெரிஞ்ச இன்னொரு ஆளு.

எனக்கு அந்த அரை மணி நேரம் போதும். 2016-ல எங்க திண்டிவனம் தொகுதியில வெற்றி வித்தியாசம் எவ்ளோ தெரியுமா? 101 ஓட்டு. அப்படின்னா டீக்கடையில நம்ம கூட பெஞ்ச்ல உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு "அவங்க". அவங்கள விட்டுட்டு எங்க போய் வாழறது?

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்களுக்குச் சுத்தமாப் பிடிக்காத ஒரு தலைவரோட பேச்சு, கட் பண்ண ரீல்ஸ் இல்ல, முழுப் பேச்சு, ஒரு தடவ கடைசி வரைக்கும் கேளுங்க. ஒத்துக்க வேணாம். ஓட்ட மாத்த வேணாம். கேக்கும்போது எந்த இடத்துல கை ரிமோட்டுக்குப் போகுதுன்னு மட்டும் கவனிங்க. அந்த இடத்துல அவர் சொன்னது உங்களக் குத்துச்சா, இல்ல உங்க ஆளுங்க என்ன நினைப்பாங்கங்கறது குத்துச்சா? அத எனக்கு எழுதி அனுப்புங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அவன் கூட அவங்க சித்தி வீட்டுக்குப் போனேன். பத்து நிமிஷ நடை. வீட்டத் திரும்பக் கட்டி, சுவத்துல பெயின்ட் அடிச்சு, பாக்க எதுவும் தெரியல. சித்தி டீ போட்டுக் குடுத்தாங்க. "நீ அந்த உப்பளத்துக்காரர் பையன்தான? சின்னப் பையனா பாத்தது"ன்னாங்க. நான் "ஆமாம் சித்தி"ன்னேன். முறை வந்துடுச்சு.

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே. வணக்கம்.